படை வந்த ஊர்கள்: தஞ்சாவூரிலிருந்து தரங்கம்பாடி வரை

வெள்ளி, தஞ்சாவூர்

சிவகங்கைப் பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஷ்வார்ட்ஸ் தேவாலயத்துக்கு இன்று காலை போனேன். 1779இல் கட்டியது. பெரிய கோவிலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. உள்ளே ஒரு பளிங்குச் சிற்பம் இருக்கிறது. இங்கிலாந்துச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு இரண்டாம் சரபோஜி மன்னர் செய்யவைத்தது. கட்டிலில் சாகக் கிடக்கிறார் ஜெர்மானியப் பாதிரியார் ஷ்வார்ட்ஸ். அவர் கையைப் பிடித்தபடி மன்னர் நிற்கிறார். தலைமாட்டில் கெரிக்கே என்ற இன்னொரு பாதிரியார், பக்கத்தில் பள்ளிக்கூடப் பையன்கள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்தப் பயணத்தின் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலையில் இருந்த காலமெல்லாம் டெல்டாவின் பேரூராட்சி அலுவலகங்களில்தான் இருந்தேன். பிறப்பு இறப்புப் பதிவேடு, சொத்துவரிக் கேட்பு, குடிநீர் இணைப்பு, தெருவிளக்கு, சுடுகாடு என்று அதே உலகம். 2022 மார்ச் 11 அன்று உக்ரைனின் மெலிடோபோல் நகரத்து மேயர் இவான் ஃபெடோரோவை ரஷ்யப் படையினர் தலையில் பையை மாட்டி, சதுக்கத்தின் குறுக்கே நடத்திக்கொண்டு போனார்கள். அந்தக் காட்சியைப் பார்த்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஐந்து நாள் கழித்து அவரைக் கைதிகள் பரிமாற்றத்தில் விட்டார்கள். கெர்சோன் நகரத்து மேயர் இகோர் கோலிகாயேவின் கதை வேறு. படை ஊருக்குள் வந்த பிறகும் அவர் அலுவலகத்தை விட்டுப் போகவில்லை. ஊரில் உக்ரைன் ராணுவம் இல்லை, வாழ நினைக்கும் மக்கள்தான் இருக்கிறார்கள், சுடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். பிணங்களை எடுக்க, மின்சாரம் சரிசெய்ய, ரொட்டி கொண்டுவர ஏற்பாடு செய்தார். நகராட்சிக் கட்டிடத்தில் உக்ரைன் கொடியை இறக்கவில்லை. ஏப்ரலில் அவரை நீக்கி வேறு ஆளை உட்காரவைத்தார்கள். ஜூனில் கைது.

படை வந்தபின் ஊர்த் தலைவன் நாற்காலியில் இருக்கலாமா, போய்விட வேண்டுமா? இருந்தால் எதுவரைக்கும்? நான் பார்த்த அதே வேலைகளைத்தான் அந்த மேயரும் பார்த்தார். அதனால்தான் கேள்வி எனக்கு இவ்வளவு நெருக்கமாக இருக்கிறது.

நம் டெல்டாவும் கைமாறிக் கைமாறி வந்த நாடுதான். 1773 செப்டம்பரில் ஆற்காட்டு நவாப் முகமது அலி, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் துணையோடு இந்தக் கோட்டையைப் பிடித்தார். துளஜா மன்னரைச் சிறை வைத்தார்கள். 1776 ஏப்ரலில் சென்னை ஆளுநர் பிகட் பிரபு வந்து நாட்டை மன்னரிடமே ஒப்படைத்தார். அதே ஆகஸ்டில் அவருடைய ஆலோசனை சபைக்காரர்களே அவரைக் கைது செய்தார்கள். மறு வருஷம் காவலிலேயே இறந்துபோனார். அப்புறம் 1781இல் ஹைதர் அலியின் படை வந்தது. இந்தப் பக்கத்துக் கிழவர்கள் அதை ஹைதர் கலாபம் என்பார்கள். கோட்டை மட்டும் தப்பியது. சுற்றியுள்ள நாடு பாழாகி, பசித்த சனமெல்லாம் கோட்டைக்குள் வந்து அடைந்தது.

அப்போதுதான் ஷ்வார்ட்ஸ் வருகிறார். கிராமங்களில் நெல் இருந்தது, ஆனால் கொண்டுவர யாருக்கும் மனமில்லை. முன்பு கொண்டுவந்தவர்களின் மாட்டைப் பிடித்துக்கொண்டார்கள், காசும் கொடுக்கவில்லை. மன்னர் பேச்சையும் நம்பவில்லை, கம்பெனிப் பேச்சையும் நம்பவில்லை. ஷ்வார்ட்ஸ் தன் பெயரில் கடிதம் எழுதினார். கூலியை என் கையால் கொடுப்பேன், எதிரி மாட்டைப் பிடித்தால் அதற்கும் பணம் தருவேன் என்றார். இரண்டொரு நாளில் ஆயிரம் மாடுகளுக்கு மேல் வந்தன, 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் சேர்ந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். சில வருஷம் கழித்து, அரண்மனை ஆட்களின் வரிக் கொடுமைக்குப் பயந்து குடியானவர்கள் ஊரைக் காலி செய்துவிட்டுப் போனபோதும் அவர் வாக்கை நம்பித்தான் 7,000 பேர் திரும்பி வந்தார்கள்.

பதவி, முத்திரை, படை எதுவும் இல்லாத மனிதர். அவரிடம் இருந்தது வாக்கு மட்டும்தான். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த 80,000 கலத்தைச் சாப்பிட்டவர்களில் பசித்த சனமும் உண்டு, கம்பெனியின் சிப்பாய்களும் உண்டு. இரண்டையும் பிரிக்க அவரால் முடியாது. படை இருக்கும் ஊரில் சனத்துக்குச் சோறு போடுகிற எந்தக் கையாலும் பிரிக்க முடியாது.

சனி, நீடாமங்கலம் வழியாகக் கீழ்வேளூர்

தை மாதம். சாலை நெடுக அறுவடை மெஷின்கள், கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய் போர்த்திய மூட்டைகள். வரிசையில் நிற்கும் விவசாயிகளின் முகத்தைப் பார்த்தாலே ஈரப்பதம் எவ்வளவு வந்திருக்கும் என்று தெரிந்துவிடுகிறது.

நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பில் இறங்கினேன். வெண்ணாறு இங்கேதான் பிரிகிறது. கோரையாறு, பாமணியாறு, மீதி வெண்ணாறு. மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் ஒருவர் அதன் மேல் நின்று ஷட்டர் திருகாணிக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, விரலெல்லாம் கறுப்பு. ஒவ்வொரு ஷட்டரிலும் சங்கிலி, சங்கிலியில் பூட்டு. சாவிக்கொத்து அவர் இடுப்பில். அளவுக் கல்லைப் பார்த்து, மூலை சுருண்ட நோட்டில் பென்சிலால் எழுதினார். பேச்சுக் கொடுத்தேன்.

"கலெக்டர் மாறுவாரு, எம்.எல்.ஏ. மாறுவாரு. தண்ணி வந்தா ஷட்டரத் தூக்கித்தான் ஆகணும் சார். தூக்கலேன்னா ராத்திரியே கரை உடைஞ்சிரும்."

என் மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். வெளிநாட்டுப் படை ஒன்று வந்து ஊரைப் பிடித்துக்கொண்டது என்று வையுங்கள், அப்பவும் தூக்குவீங்களா?

அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "தூக்காம? பயிருக்கு யாரு ஆட்சின்னா தெரியும்?"

சரி, அந்தப் படைக்காரன் ஒரு ஊர் பேரைச் சொல்லி, அவங்களுக்கு மட்டும் தண்ணியை மூடு என்றால்?

கிரீஸ் துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அதெப்படி சார்? சாவியைக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போயிடுவேன். அவனே மூடிக்கட்டும். என் கையால மூட மாட்டேன்."

ஹேகில் 1907இல் போட்ட போர் விதிகளை அவர் படித்திருக்க மாட்டார். 43ஆவது விதி, பிடித்த ஊரில் பொது ஒழுங்கையும் அன்றாட வாழ்க்கையையும் காப்பது பிடித்த படையின் பொறுப்பு, அந்த நாட்டுச் சட்டத்தை முடிந்தவரை மதித்து நடக்க வேண்டும் என்கிறது. அதனால் ஊர் அதிகாரிகள் வேலையைத் தொடரலாம் என்பது எல்லாரும் ஒப்புக்கொண்ட வழக்கம். 52ஆவது விதி, படைக்குத் தேவையான பொருளை ஊரிடம் கேட்கலாம், ஆனால் ஊரின் சக்திக்கு உட்பட்டுத்தான் கேட்க வேண்டும், கையில் காசு அல்லது ரசீது கொடுக்க வேண்டும், சொந்த நாட்டுக்கு எதிரான போர் வேலையில் மக்களை இறக்கக் கூடாது என்கிறது. 50ஆவது விதி, ஒருவன் செய்ததற்கு ஊரையே தண்டிக்காதே என்கிறது. காகிதத்தில் நல்ல கோடுதான். ஆனால் அந்தக் கோட்டை ஒவ்வொரு நாளும் காலையில் தரையில் இழுப்பவர் மேயர். தனியாக இழுக்கிறார், எதிரில் துப்பாக்கியோடு ஆள் நிற்கும்போது இழுக்கிறார்.

பிரஸ்ஸெல்ஸ் மேயர் அடோல்ஃப் மாக்ஸ் அப்படி இழுத்தவர். 1914 ஆகஸ்ட் 20 அன்று ஜெர்மன் படை நகரத்துக்குள் வந்தது. அவர் பதவியில் இருந்தார், நகரத்தை நடத்தினார், ஜெர்மன் அதிகாரிகள் சுவரில் ஒட்டிய பொய்ச் செய்தியை மறுத்துத் தானும் சுவரொட்டி ஒட்டினார். நகரத்தின் மேல் போட்ட போர்த் தண்டத்தைக் கட்ட மறுத்தபோது, செப்டம்பர் 26 அன்று கைது. போர் முடியும்வரை ஜெர்மனியில் சிறை. 1918 நவம்பரில் திரும்பி வந்து, 1939இல் சாகும்வரை அதே நகரத்தின் மேயராக இருந்தார்.

மாலை கீழ்வேளூர். கேடிலியப்பர் கோவில், கோச்செங்கட் சோழனின் மாடக்கோவில்களில் ஒன்று. 1758 ஜூலையில் பிரெஞ்சுத் தளபதி லாலி காரைக்காலிலிருந்து புறப்பட்டு இந்த வழியாகத்தான் தஞ்சாவூருக்குப் போனார். தஞ்சை மன்னர் கொடுத்திருந்த 56 லட்ச ரூபாய் பத்திரம் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது, அதை வசூலிக்கப் படை. நாகூரைக் கொள்ளையடித்துவிட்டு இங்கே வந்தவர்கள் வீடுகளைத் துழாவினார்கள், குளங்களைத் துழாவினார்கள், விக்கிரகங்களை எடுத்தார்கள். புதையல் எதுவும் கிடைக்கவில்லை. கோவிலைச் சுற்றி வந்துகொண்டிருந்த பிராமணர்களை ஒற்றர்கள் என்று சொல்லிப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள்.

குருக்கள் இந்தக் கதையைக் கேள்விப்பட்டதில்லையாம். தீபாராதனை முடிந்து படியில் உட்கார்ந்து சொன்னேன். "குளத்தையுமா எறச்சுப் பார்த்தா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அப்புறம், "அப்படியும் பூஜைக்கு வந்திருக்கா பாருங்கோ" என்றார். ஊரே ஓடிப்போன பிறகு அவர்கள் ஏன் அங்கே நின்றார்கள் என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

லாலி தஞ்சாவூரைப் பிடிக்கவில்லை. வழியெல்லாம் ஆட்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டதால் படைக்குச் சோறு கிடைக்கவில்லை. ஆகஸ்டில் முற்றுகையை விட்டுவிட்டுத் திரும்பினார். நேற்று பார்த்த பளிங்குச் சிற்பத்தின் மறுபக்கம் இது. பயமுறுத்தி நெல் வாங்க முடியாது.

ஞாயிறு, நாகப்பட்டினம்

டச்சுக்காரர்கள் 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து இந்த ஊரைப் பிடித்தார்கள். 1781 நவம்பரில் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். மிச்சம் இருப்பவற்றில் ஒன்று அவர்கள் கல்லறைகள். காலையில் அங்கே போய்விட்டு, வெயில் ஏறியதும் கடற்கரைப் பக்கம் வந்து உட்கார்ந்தேன். இன்று எழுத நிறைய இருக்கிறது.

டச்சு நாட்டிலேயே 1940 மே மாதம் ஜெர்மன் படை வந்தது. அங்கே மேயரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, அரசு நியமிக்கும். படை வந்தால் என்ன செய்வது என்று 1937லேயே அரசு ரகசியக் குறிப்பு ஒன்றைத் தயார் செய்திருந்தது. இடத்திலேயே இருங்கள், நீங்கள் இருப்பதால் மக்களுக்கு வரும் நன்மையைவிட எதிரிக்கு வரும் நன்மை அதிகம் என்றால் விலகிவிடுங்கள் என்பது அதன் சாரம். படிக்க நியாயமாக இருக்கிறது. ஆனால் நன்மை எது, தீமை எது என்று எடைபோடுவது அந்தந்த மேயர். அதுவும் ஒரே நாளில் போடுகிற எடை இல்லை. முதல் வாரம் ஊரடங்கு அறிவிப்பு, சரி. அடுத்து படைக்குத் தங்க வீடு, சரி. அடுத்து சைக்கிள்களை ஒப்படைக்கச் சொல்லு. அப்புறம் யூதர்கள் பூங்காவுக்குள் வரக் கூடாது என்று பலகை வை. அப்புறம் ஊர் போலீஸை அனுப்பு. 1941 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாம் தொழிலாளர்கள் யூதர்களைப் பிடித்ததை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது, ஜெர்மானியர் அந்த நகரத்து மேயரை நீக்கித் தங்களுக்கு வேண்டிய ஆளை வைத்தார்கள். அதே வருஷம் நகரமன்றங்களையும் நிறுத்தி, எல்லா அதிகாரத்தையும் மேயர் ஒருவர் கையில் கொடுத்தார்கள். நல்ல மேயர்கள் பலர், நான் போனால் என் இடத்துக்கு நாஜிக் கட்சிக்காரன் வருவான் என்று நினைத்துத்தான் இருந்தார்கள். அந்த நினைப்பு பொய் இல்லை. போன இடங்கள் பலவற்றில் அப்படித்தான் வந்தான்.

டச்சுக்காரர்களின் மக்கள் பதிவேடு ஐரோப்பாவிலேயே மிக ஒழுங்கான ஒன்று. யார், எந்தத் தெரு, என்ன மதம் என்று எல்லாம் அட்டையில் இருந்தது. அந்த நாட்டு யூதர்கள் சுமார் 1,40,000 பேரில் 1,02,000 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த அழிவுக்கு இந்த ஒழுங்கும் உதவியது. 1943 மார்ச் 27 அன்று எதிர்ப்புக் குழுவினர் போலீஸ் உடையில் போய் ஆம்ஸ்டர்டாம் பதிவு அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள். ஒரு பகுதி அட்டைகள்தான் அழிந்தன. அதற்காக 12 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். வாழ்நாள் முழுக்கப் பதிவேட்டை அடித்தல் திருத்தல் இல்லாமல் வைத்திருப்பதைப் பெருமையாக நினைத்தவன் நான். இதைப் படித்த அன்று இரவு தூங்கவில்லை.

பட்டியல் என்றால் என்ன என்று எனக்கு இந்தக் கடற்கரையில் தெரியும். 2004 டிசம்பர் 26, சுனாமி. இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நிவாரணப் பட்டியல் எழுத என்னையும் இங்கே அனுப்பினார்கள். பள்ளிக்கூட வராந்தாவில் பெஞ்சைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு பெண் வந்து நின்றார். கணவர் பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் சொன்னார், பேனா ஓடியது. கடைசியில் "ரேஷன் கார்டு?" என்று கேட்டேன். "அது வீட்டுல இருந்துச்சுங்க" என்றார். வீடு இருந்த இடத்தில் மணல்தான் இருந்தது. பட்டியலில் பெயர் ஏறினால் அரிசி, பாய், பாத்திரம். ஏறாவிட்டால் ஒன்றும் இல்லை. ஊர் நிர்வாகம் என்பதே பட்டியல்தான். அரிசி கொடுக்கவும் அதுதான், ஆளைப் பிடிக்கவும் அதுதான்.

கிரேக்கத்தில் ஜாகிந்தோஸ் என்று ஒரு தீவு. 1943இல் ஜெர்மன் தளபதி அங்கிருந்த யூதர்களின் பட்டியலைக் கேட்டார். மேயர் லூக்காஸ் காரெரும் பிஷப் கிரிசோஸ்டமோஸும் ஒரு காகிதத்தைக் கொடுத்தார்கள். அதில் இரண்டே பெயர். இரண்டும் அவர்களுடையவை. அந்தத் தீவின் யூதர்கள் 275 பேரையும் மலைக் கிராமத்துக்காரர்கள் ஒளித்துவைத்தார்கள். எல்லாரும் பிழைத்தார்கள். 1978இல் இஸ்ரேல் அந்த இருவரையும் கௌரவித்தது.

மத்தியானம் நாகூரில் ஒரு பெரியவர் கடையில் சாப்பிட்டேன். தர்காவுக்கு வந்த கூட்டம் குறைந்ததும் எதிரில் வந்து உட்கார்ந்தார். "எங்க பெரிய வாப்பா பினாங்குலதான் இருந்தாங்க" என்று ஆரம்பித்தார். இந்தக் கரையில் பாதிக் குடும்பங்களுக்கு அந்தக் கதை உண்டு. ஜப்பான் படை மலாயாவைப் பிடித்தபின் ஆயிரக்கணக்கான தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களை சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடித்தார்கள். திரும்பி வராதவர்களுக்குக் கணக்கே சரியாக இல்லை. எந்த எஸ்டேட்டிலிருந்து எத்தனை பேர் என்று கேட்டபோது பெயர் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தவர்கள் அந்த எஸ்டேட்டின் கிராணிகள் என்கிற எழுத்தர்களும் கங்காணிகளும்தான். "எழுதாம இருந்தா அவங்க பேரைத்தான் முதல்ல எழுதுவான், நானா" என்றார் கடைக்காரர். மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

துறைமுகப் பக்கம் காங்கேசன்துறை கப்பல் பயணிகள் பெட்டிகளோடு நின்றார்கள். 2023 அக்டோபரில் தொடங்கிய போக்குவரத்து. அவர்களைப் பார்த்ததும் சரோஜினி யோகேஸ்வரன் நினைவுக்கு வந்தார். 1995 டிசம்பரில் இலங்கை ராணுவம் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது. 1998 ஜனவரியில் ராணுவக் கட்டுப்பாட்டுக்குள்ளேயே உள்ளாட்சித் தேர்தல் நடத்தினார்கள். தமிழர் விடுதலைக் கூட்டணியின் சரோஜினி மேயரானார், யாழ்ப்பாணத்தின் முதல் பெண் மேயர். கணவர் யோகேஸ்வரனை 1989இல் அதே கட்சியின் தலைவர் அமிர்தலிங்கத்தோடு சேர்த்துக் கொன்றிருந்தார்கள். அதற்குப் பிறகும் அவர் வந்தார். மே 17 அன்று அவரை வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். அடுத்து மேயரான பொன். சிவபாலன் செப்டம்பர் 11 அன்று, ராணுவ, போலீஸ் அதிகாரிகளோடு நடந்த கூட்டத்தில் குண்டு வெடித்து இறந்தார். இரண்டுக்கும் விடுதலைப் புலிகளையே காரணமாகச் சொல்கிறார்கள். ராணுவம் பிடித்த ஊரில் நாற்காலியில் உட்கார்வதே துரோகம் என்பது ஒரு பக்கம். பாருங்கள், ஊர் சகஜமாகிவிட்டது என்று அந்த நாற்காலியை உலகத்துக்குக் காட்டிய அரசு இன்னொரு பக்கம். நடுவில் சிதைந்துகிடந்த ஊருக்குத் தண்ணீர் வேண்டும், ரோடு வேண்டும், குப்பை அள்ள வேண்டும். அதற்காக வந்தவர்களைத் துரோகி என்று சொல்ல என் நாக்கு கூசுகிறது. இதில் என்னோடு ஒத்துப்போகாத நண்பர்கள் உண்டு, பலமுறை பேசியாகிவிட்டது. என் மனம் மாறவில்லை.

திங்கள், காரைக்கால்

வாஞ்சூர் தாண்டியதும் புதுச்சேரி எல்லை. 1739இல் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கிடைத்த ஊர். 1760 ஏப்ரலில் ஆங்கிலேயர் பிடித்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள், மறுபடி 1778இல் பிடித்தார்கள், மறுபடி 1793இல். கடைசியாகத் திரும்பக் கிடைத்தது 1817இல். அதற்குப் பிறகு கோட்டை கட்டக் கூடாது என்பது ஒப்பந்தம். இங்கே இன்று கோட்டை என்று காட்ட ஒன்றும் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

1880இல் பிரெஞ்சிந்தியாவில் நகராட்சிகளும் மேயர்களும் வந்தார்கள். டெல்டாவில் மற்ற ஊர்கள் பலவும் தாசில்தார், கர்ணம் என்று இருந்த காலத்தில் காரைக்காலிலும் திருமலைராயன்பட்டினத்திலும் நெடுங்காட்டிலும் மேயர்! பின்னிரண்டு ஊர்களிலும் இன்றும் கொம்யூன் (பிரெஞ்சில் ஊராட்சி) பஞ்சாயத்து என்றுதான் பலகை தொங்குகிறது. கடற்கரையில் அரசலாற்று முகத்துவாரத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்த பெரியவரிடம் பேசினேன். தாத்தா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்தவராம். "எல்லாப் பஞ்சாயத்தும் மேயர் வீட்டுத் திண்ணையிலதான் நடக்கும் தம்பி. அவரு கையெழுத்து இல்லாம ஒரு சாவுகூடச் செல்லாது" என்றார்.

1940இல் பிரான்ஸ் விழுந்தபோது ஆளுநர் போன்வேன் பிரெஞ்சிந்தியாவை, ஜெர்மனியை எதிர்த்துப் போரைத் தொடர்ந்த தெ கோலின் பக்கம் சேர்த்துவிட்டார். அதனால் காரைக்கால் மேயர்கள் ஒரு சோதனையிலிருந்து தப்பினார்கள். பிரான்ஸில் ஜெர்மனிக்குப் பணிந்துபோன விஷி அரசு, 1940 நவம்பர் 16 சட்டத்தின்படி, 2,000 பேருக்கு மேல் உள்ள ஊர்களிலெல்லாம் மேயரைத் தானே நியமிக்கத் தொடங்கியது. தேர்தல் போயிற்று. மேயருக்கு ஊரிடம் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, மேலே மட்டும் சொன்னால் போதும். மேயரை வைத்து ஊரை ஆள நினைக்கும் எந்தப் படையும் முதலில் அறுப்பது இந்தக் கயிற்றைத்தான்.

ஜான் மூலேன் மேயர் இல்லை, ஷார்த்ர் நகரத்தில் மாவட்ட ஆட்சித் தலைவர். 1940 ஜூன் 17. ஊரில் பாதிப்பேர் ஓடிவிட்டார்கள். அவர் இருந்து ரொட்டிக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். ஜெர்மானியர் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். பிரெஞ்சுப் படையின் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றார்கள் என்று எழுதியிருந்தது. பொய். கையெழுத்துப் போடு என்றார்கள். போடவில்லை. மணிக்கணக்கில் அடித்தார்கள். இன்னும் அடித்தால் போட்டுவிடுவோமோ என்று பயந்து, அன்று இரவு கண்ணாடித் துண்டால் தன் கழுத்தை அறுத்துக்கொண்டார். பிழைத்தார். தேறி எழுந்து மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்து, நவம்பரில் விஷி அரசு நீக்கும்வரை அதே ஊருக்காக வேலை பார்த்தார். பிற்பாடு எதிர்ப்பியக்கத்தின் தலைவரானதைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு அந்த ஐந்து மாதம்தான் பெரிதாகத் தெரிகிறது. ரொட்டிக்கான உத்தரவில் போட்ட அதே கையெழுத்தை அந்தப் பொய்யின் கீழே போட மறுத்தார். மூணாறு தலைப்பு லஸ்கர் சொன்னதும் இதுதானே.

1954 அக்டோபர் 18, கீழூர் வாக்கெடுப்பு பற்றியும் பெரியவர் பேசினார். ஓட்டுப் போட்டவர்கள் 178 பேர், சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களும். 170 பேர் இந்தியாவோடு சேர்வோம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1 முதல் இந்திய நிர்வாகம். அது போர் ஆக்கிரமிப்பு இல்லை, அதோடு சேர்த்துப் பேச மாட்டேன். ஆனால் ஒரு பெரிய அரசு போய் இன்னொன்று வரும்போது, ஊர் சார்பில் பேச உரிமை உள்ளவர்கள் என்று இரண்டு அரசுகளும் ஒப்புக்கொண்டது இவர்களைத்தான். கொம்யூன் அலுவலகம் என்கிற சின்னக் கட்டிடத்துக்கு அவ்வளவு கனம் உண்டு.

செவ்வாய், தரங்கம்பாடி

1620இல் ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்குக் கொடுத்த ஊர். காலை ஏழு மணிக்கு டான்ஸ்போர்க் கோட்டை மதில் ஓரம் நடந்தேன். மாசிலாமணிநாதர் கோவிலின் முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டது, மிச்சம் கல் தடுப்புக்குப் பின்னால் நிற்கிறது.

1801இல் ஆங்கிலேயர் இந்த ஊரைச் சண்டை இல்லாமல் பிடித்து, அடுத்த வருஷம் திருப்பிக் கொடுத்தார்கள். 1807இல் கோபன்ஹேகனைக் குண்டு போட்டு எரித்தபின், 1808இல் மறுபடி வந்து 1815 வரை வைத்திருந்தார்கள். எங்கோ ஐரோப்பாவின் வடக்கே நடந்த சண்டைக்கு இங்கே ஏழு வருஷ வியாபாரம் போயிற்று. அதற்குப் பிறகு துறைமுகம் எழுந்திருக்கவே இல்லை. 1845இல் வங்காளத்தில் தங்களிடம் இருந்த செராம்பூரையும் சேர்த்து ஆங்கிலேயருக்கு 12.5 லட்ச ரூபாய்க்கு விற்றுவிட்டார்கள்.

டென்மார்க்கை ஜெர்மனி பிடித்தது 1940 ஏப்ரல் 9. அந்த அரசு பதவியில் இருந்தே காலம் கடத்தியது, அதற்காக நிறையப் பழிச்சொல் கேட்டது. 1943 ஆகஸ்டில் நாசவேலை செய்பவர்களுக்கு மரண தண்டனை கொடு, ஊரடங்கு போடு என்று ஜெர்மனி கேட்டபோது முடியாது என்றது. 29ஆம் தேதி அமைச்சர்கள் வேலையை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு நாட்டை நடத்தியவர்கள் துறைச் செயலாளர்கள். சம்பளம், ஆஸ்பத்திரி, தண்ணீர், ரேஷன் எல்லாம் ஓடியது. அமைச்சர் கையெழுத்து மட்டும் கிடையாது. அக்டோபரில் யூதர்களைப் பிடிக்க ஜெர்மானியர் கிளம்பியபோது, 7,000 பேருக்கு மேல் மீன்பிடிப் படகுகளில் ஸ்வீடனுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நான் படித்தவற்றில் எல்லைக்கோட்டை எங்கே இழுக்க வேண்டுமோ அங்கே இழுத்த நாடு இது. மூன்று வருஷம் தாமதம் என்று சொல்பவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

1949இன் நான்காவது ஜெனீவா ஒப்பந்தத்தின் 54ஆவது விதி, மனசாட்சி காரணமாக வேலையிலிருந்து விலகும் அதிகாரியையும் நீதிபதியையும் படை தண்டிக்கக் கூடாது என்கிறது. லஸ்கர் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக உரிமை உண்டு என்று உலகம் எழுதி வைத்தது அதில்தான். நம் ஊராட்சித் தலைவர்களுக்கும் செயல் அலுவலர்களுக்கும் பயிற்சி வகுப்பில் புயல், வெள்ளம், கொள்ளைநோய் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறோம். பதிவேட்டில் தேவையில்லாமல் எதையெல்லாம் எழுதக் கூடாது, எழுதியதை யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்கலாம். இதைக் கேட்டுப் பயிற்சி நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். மயிலாடுதுறை தபால் நிலையத்தில் இன்று சாயங்காலம் போட்டுவிட்டு ரயில் ஏறுகிறேன்.